ரெண்டு ரன்வேயில ஒரே நேரம் இறங்கிற விமானங்கள்: பாதுகாப்பை எப்பிடிக் கணக்குப் பாக்கிறது

கொழும்புக்குக் கிட்ட இருக்கிற கட்டுநாயக்க எயார்போர்ட்டில இப்ப இருக்கிறது ஒரே ஒரு ரன்வேதான், 04/22, நீளம் 3350 மீட்டர். 2017 ஜனவரியிலயிருந்து ஏப்ரல் வரைக்கும் அதைத் திருத்தேக்க பகல் நேரத்தில மூடவேண்டி வந்தது கனபேருக்கு ஞாபகம் இருக்கும். இரண்டாவது ரன்வே எண்ட கதை வந்தா உடன காணி எங்க, காசு எங்க எண்டுதான் கேள்வி போகும். எனக்கு அதுக்கு முதலே கேக்கவேண்டிய கேள்வி ஒண்டு இருக்கு. மழை முகிலுக்குள்ள ரெண்டு விமானம் பக்கத்து பக்கத்தில இறங்கி வரேக்க, அதில ஒண்டு வழி மாறி மற்றதின்ட பக்கம் திரும்பினா, மற்ற விமானத்துக்கு எத்தினை செக்கன் இருக்கு? அதைக் கணக்குப் பாக்கிற முறையைத்தான் இங்க எழுதுறன். எயார் ட்ரஃபிக் படிக்கிற பிள்ளைகளுக்கும் கம்பஸில சேஃப்டி அசெஸ்மென்ட் ப்ரொஜெக்ட் எடுத்தவங்களுக்கும் உதவும் எண்டு நினைக்கிறன், ஒரு கொப்பியும் கல்குலேட்டரும் காணும், சைன் கோசைன் ஞாபகம் இருந்தா சரி.

கனபேர் என்ன செய்யிறதெண்டா, ஐகாவோ, அதாவது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின்ட டொக்யூமென்டைத் திறந்து, ரன்வேக்களுக்கு நடுவில இத்தினை மீட்டர் வேணும் எண்டு இருக்கிற இலக்கத்தைப் பாத்து, எங்களிட்ட அது இருக்கு எண்டு டிக் போட்டிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுவாங்கள். அந்த மீட்டர் கணக்கு ஒரு விடை மட்டும்தான். எந்த ரேடார், எப்பிடிப்பட்ட கன்ட்ரோலர், எவ்வளவு கெதியாத் திரும்பிற விமானம் எண்ட நிபந்தனைகளோட வந்த விடை அது. நிபந்தனை மாறினா விடையும் மாறும், அதால மீட்டரில யோசிக்கிறதை விட்டிட்டு செக்கனில யோசிக்கப் பழகுங்கோ.

முதல் வேலை, என்ன விதமான ஓப்பரேஷனைப் பத்திக் கதைக்கிறம் எண்டு முடிவு எடுக்கிறது. ஐகாவோ நாலு வகையாப் பிரிக்குது. ரெண்டு ரன்வேயிலயும் ஒண்டையொண்டு பாக்காமல் சுதந்திரமா இறங்கிறது, ஒண்டுக்கொண்டு இடைவெளி வைச்சு இறங்கிறது, ரெண்டிலயும் சுதந்திரமா எழும்புறது, பிறகு ஒண்டில இறங்கி மற்றதில எழும்புறது. சுதந்திரமா இறங்கிறதுக்கு ஆகக் குறைஞ்சது 1035 மீட்டர், இடைவெளி வைச்சு இறங்கிறதுக்கு 915 மீட்டர், மற்ற ரெண்டுக்கும் 760 மீட்டர். இடைவெளி வைச்சு இறங்கிறதெண்டா பக்கத்து ரன்வேக்கு வாற விமானத்துக்கும் இதுக்கும் சாய்வா 3.7 கிலோமீட்டர் எப்பவும் இருக்கவேணும், அதில ஒண்டு திடீரெண்டு குறுக்க வந்தாலும் மற்றது முன்னாலயோ பின்னாலயோதான் இருக்கும், அதால ஆபத்து நல்லாக் குறையும், ஆனா மணித்தியாலத்துக்கு இறங்கிற எண்ணிக்கையும் குறையும்.

இதுக்கு எங்கட ஆக்கள் அடிக்கடி போற இடங்களே உதாரணம். துபாயில ரெண்டு ரன்வேயும் சமாந்தரம்தான், ஆனா நடுவில 400 மீட்டர்கூட இல்ல, அதால சுதந்திரமா ரெண்டிலயும் இறங்கிற கதைக்கே இடமில்ல. லண்டன் ஹீத்ரோவில கிட்டத்தட்ட 1400 மீட்டர் இருக்கு, தூரம் காணும், எண்டாலும் வழமையா ஒண்டில இறக்கி மற்றதில ஏத்துறாங்கள், சுத்திவர இருக்கிற சனத்துக்கு சத்தத்திலயிருந்து முறை வைச்சு ஓய்வு குடுக்கிறது அதுக்கு ஒரு பெரிய காரணம். ஆக, தூரம் இருக்கிறதால மட்டும் அந்த முறையைப் பாவிக்கவேணும் எண்டு இல்ல. உங்கட அசெஸ்மென்டின்ட முதல் பக்கத்திலயே எந்த முறை, ஏன் எண்டு எழுதுங்கோ. இங்க நான் கணக்குப் பாக்கப்போறது முதலாவது வகையை, அதுதான் ஆகக் கஷ்டமானது.

இனி வரைபடம். ரெண்டு ரன்வேயின்ட நடுக்கோட்டையும் அப்ரோச் வாற பக்கம் நீட்டி வரையுங்கோ. ரெண்டுக்கும் சரி நடுவில, ஆகக் குறைஞ்சது 610 மீட்டர் அகலத்துக்கு, ஆருமே நுழையக்கூடாத வலயம் ஒண்டு இருக்கவேணும். அந்த வலயத்துக்கும் நடுக்கோட்டுக்கும் இடையில மிஞ்சிறதுதான் விமானம் கொஞ்சம் அங்க இங்க அசைய விடுற இடம். 1035 மீட்டர் எண்டா அந்த இடம் ஒரு பக்கத்துக்கு 212 மீட்டர்தான், 1310 எண்டா 350, 1525 எண்டா 457. ஒரு விமானம் வலயத்துக்குள்ள போனா கன்ட்ரோலர் செய்யவேண்டியது, பக்கத்து விமானத்தை, அதாவது ஒரு பிழையும் விடாமல் தன்ட பாட்டில இறங்கி வந்துகொண்டிருக்கிற விமானத்தை, உடன ஏத்தித் திருப்பி வெளியில எடுக்கிறது, இதைத்தான் பிரேக்அவுட் எண்டு சொல்லுறது. வழி மாறினவரைத் திருப்பி வாங்கோ எண்டு கூப்பிடுறது வலயத்துக்குள்ள போக முதல் செய்யிற வேலை. உள்ள போனாப்பிறகு அவர் கேப்பார் எண்டு நம்பிக் கணக்குப் போடக்கூடாது, ஏனெண்டா அவர் ஏன் திரும்பினார் எண்டு அந்த நேரம் ஆருக்கும் தெரியாது, எஞ்சின் போயிருக்கலாம், ஓட்டோபைலட் பிழையா இருக்கலாம், பைலட்டுக்கு ரேடியோவே கேக்காமல் இருக்கலாம்.

இப்பதான் செக்கன் கணக்கு, இதை வடிவாச் செய்யுங்கோ. ரெண்டு விமானமும் 140 நொட் வேகம் எண்டு எடுப்பம், அது செக்கனுக்கு 72 மீட்டர். ஒண்டு 30 பாகை திரும்பி மற்றதின்ட பக்கம் போகுது, இந்த 30 பாகை எண்டது அமெரிக்காவின்ட விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏயின்ட ஆய்வுகளில காலகாலமா எடுத்த மோசமான நிலை. 30 பாகையின்ட சைன் அரைவாசி, அதால அது பக்கவாட்டா நெருங்கிற வேகம் செக்கனுக்கு 36 மீட்டர். ரன்வே இடைவெளி 1035 எண்டா, வலயத்தின்ட விளிம்பைத் தாண்டின நேரத்திலயிருந்து பக்கத்து நடுக்கோட்டுக்கு இன்னும் 822 மீட்டர் இருக்கு, 36ஆல பிரிச்சா 23 செக்கன் வரும். 23 செக்கன் காணும்தானே எண்டு நினைக்கத் தோணும், ஆனா அதில மூண்டில ஒரு பங்குக்கு மேல முதலே செலவாகிட்டுது, எப்பிடியெண்டு பாப்பம்.

தப்பவேண்டிய விமானம் 25 பாகை சரிச்சுத் திரும்பினா, அந்த வேகத்தில திரும்பல் வட்டத்தின்ட ஆரை 1130 மீட்டரளவு, செக்கனுக்கு 3.6 பாகை திரும்பும். அதுவும் 30 பாகை திரும்பினாத்தான் ரெண்டும் ஒரே திசையில போகும், அதுக்குப் பிறகுதான் இடைவெளி குறையிறது நிக்கும். அதுக்கு 8 செக்கன் கொஞ்சம் கூட எடுக்கும். அந்த நேரத்துக்குள்ள வழி மாறினது 300 மீட்டர் நெருங்கியிருக்கும், தப்புறது 150 மீட்டர்தான் விலகியிருக்கும், ஆக 150 மீட்டரளவு போச்சு, கணக்குக்கு 147 எண்டு எடுப்பம். கடைசியில ரெண்டின்ட நடுப்புள்ளிக்கும் இடையில குறைஞ்சது 152 மீட்டர், அதாவது 500 அடி, மிஞ்சவேணும், எஃப்ஏஏ தன்ட பரிசோதனைகளில தோல்வி எண்டு எடுத்த எல்லை அது. 152 மீட்டர் எண்டது பெரிய இடமில்ல, ஏ380 ஒண்டின்ட இறக்கை அகலமே கிட்டத்தட்ட 80 மீட்டர், அப்பிடி ரெண்டு விமானம் எண்டா இறக்கை நுனிக்கும் நுனிக்கும் இடையில 70 மீட்டர்தான் மிச்சம்.

822இலயிருந்து 147ஐயும் 152ஐயும் கழிச்சா 523 மீட்டர், 36ஆல பிரிச்சா 14.5 செக்கன். இதுதான் உங்கட கையில இருக்கிற மொத்த பட்ஜெட். ரேடார் திரையில தெரியிறதுக்கு, கன்ட்ரோலர் கண்டு முடிவெடுக்கிறதுக்கு, ரேடியோவில சொல்லி முடிக்கிறதுக்கு, பைலட் விளங்கிக்கொண்டு விமானத்தைச் சரிக்கிறதுக்கு, எல்லாத்துக்கும் சேத்து 14.5. இதே கணக்கை 1310க்குச் செய்தா 18.4 வரும், 1525க்கு 21.3 வரும். நானே செய்து காட்டினதால நம்பாதேங்கோ, நீங்களும் ஒருக்கா செய்து பாருங்கோ, பிறகு வழி மாறின விமானத்தின்ட வேகத்தை மட்டும் 160 நொட்டா மாத்திப் பாருங்கோ, 1035இல இருந்த 14.5 செக்கன் 12க்கும் கீழ போயிடும். பெங்களூரு மாதிரி கடல் மட்டத்திலயிருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கிற எயார்போர்ட் எண்டா காத்து ஐதா இருக்கிறதால விமானத்தின்ட வேகமானியில ஒரே வேகம் காட்டினாலும் உண்மையான வேகம் கூட, அங்கயும் செக்கன் குறையும். கட்டுநாயக்க கடல் மட்டத்தோட இருக்கிறதால அந்தப் பிரச்சினை எங்களுக்கு இல்ல.

இப்ப செலவுப் பக்கம். சாதாரண டெர்மினல் ரேடார் ஒருக்காச் சுத்த 5 செக்கனளவு எடுக்கும், விமானம் வலயத்துக்குள்ள போன அந்தக் கணமே ரேடார் தாண்டிப் போயிருந்தா அடுத்த சுத்தில 5 செக்கன் கழிச்சுத்தான் தெரியும், அதுக்குள்ள 180 மீட்டர் போயிட்டுது. கன்ட்ரோலர் பாத்து முடிவெடுக்க 3 செக்கன், "இடது அல்லது வலது பக்கம் திரும்பு, இந்தத் திசை, இந்த உயரம் ஏறு" எண்டு சொல்லி முடிக்க 4 செக்கன், பைலட் கையில எடுத்துச் சரிக்க 4 செக்கன் எண்டு வைப்பம், இது நான் கணக்குக்காகப் போட்ட இலக்கம், உங்கட இடத்தில அளந்து போடுங்கோ. கூட்டினா 16. 1035க்கு பட்ஜெட் 14.5தான், பெயில். ரேடார் 2.5 செக்கனுக்கு ஒருக்கா புதுப்பிச்சா மொத்தம் 13.5, ஒரு செக்கன் மிச்சத்தில பாஸ். 1525க்கு 5 செக்கன் ரேடாரே காணும். இப்ப ஐகாவோ என்ன சொல்லுது எண்டு பாருங்கோ: 1035 மீட்டருக்கு 2.5 செக்கன் அல்லது அதிலயும் கெதியான ரேடார், 0.06 பாகை துல்லியம், விமானம் அடுத்து எங்க நிக்கும் எண்டு காட்டி எச்சரிக்கை அடிக்கிற திரை எல்லாம் வேணும். 1525க்கு மேல எண்டா 5 செக்கனும் 0.3 பாகையும் போதும். நாங்கள் கொப்பியில போட்ட சின்னக் கணக்கே அந்த விதியை எங்கட கண்ணுக்கு முன்னால கொண்டுவருது, எனக்கு இந்தப் பாடத்தில ஆகப் பிடிச்ச இடமே இதுதான்.

துல்லியத்தையும் மீட்டரா மாத்திப் பாருங்கோ, பாகையில விட்டா ஒண்டும் விளங்காது. 20 கிலோமீட்டர் தூரத்தில 0.3 பாகை எண்டா 105 மீட்டர், 0.06 எண்டா 21 மீட்டர். அசைய விட்டிருக்கிற இடமே 212 மீட்டர் எண்டேக்க 105 மீட்டர் பிழை விடக்கூடிய ரேடாரை வைச்சு ஆர் உள்ள ஆர் வெளிய எண்டு சொல்லேலாது. சரியா வாற விமானத்தையும் பிழை எண்டு காட்டும், அநியாயத்துக்கு பிரேக்அவுட் குடுக்கவேண்டி வரும், அடிக்கடி பொய் அலாரம் அடிச்சா கன்ட்ரோலருக்கு அலாரத்தில நம்பிக்கை போயிடும், பிறகு உண்மையான அலாரத்துக்கும் 3 செக்கன் 6 செக்கன் ஆகிடும். அதால பொய் அலாரம் எத்தினை வரும் எண்டதையும் பாதுகாப்புக் கணக்குக்குள்ளயே சேக்கவேணும். ஐஎல்எஸ் லோக்கலைசர், அதாவது விமானத்துக்கு ரன்வே நடுக்கோட்டைக் காட்டுற ரேடியோ கருவி, அதின்ட கதிர் ரன்வேயிலயிருந்து தூரப் போகப் போக அகலுறது இன்னொரு விசயம், விமானங்கள் ஆகக் கூட அலையிறது தூரத்திலதான், அசைய விட்ட இடம் மட்டும் எல்லா இடத்திலயும் அதே அகலம்.

பக்கத்தில பக்கத்தில சரிசமமா வாற ரெண்டுதான் ஆகக் கூட ஆபத்து எண்டு நினைக்காதேங்கோ. 30 பாகை திரும்பின விமானம் முன்னுக்குப் போற வேகம் குறையுது, 72 இருந்தது 62 ஆகிடும். 1035 மீட்டரையும் குறுக்கக் கடக்க 29 செக்கன், அதுக்குள்ள பக்கத்து விமானம் 280 மீட்டரளவு முந்திப் போயிடும். அப்ப உண்மையில இடிபடக்கூடியது, வழி மாறினதுக்கு 280 மீட்டரளவு பின்னால வந்துகொண்டிருந்ததுதான். சிமுலேஷன் செய்யேக்க எல்லாத்தையும் சரிசமமா வைச்சு ஓட்டினா நல்ல ரிசல்ட் வரும், ஆனா அது பொய்யான நல்லது. முன்ன பின்ன தூரத்தையும் வேக வித்தியாசத்தையும் மாத்தி மாத்தி ஓட்டி, ஆக மோசமான இடத்தைத் தேடிப் பிடிக்கவேணும்.

மனுசர் பக்கம் நான் மேல போட்ட 3, 4, 4 செக்கன் எல்லாம் சராசரி மாதிரி, சராசரியில ஆரும் இடிபடுறதில்ல. பத்து பேரில ஒருத்தர் 9 செக்கன் எடுத்தா என்ன நடக்கும் எண்டதுதான் கேள்வி. ஒவ்வொரு ரன்வேக்கும் விமானங்களை மொனிட்டர் பண்ண தனிக் கன்ட்ரோலர் வேணும், அவருக்கு வேற வேலை குடுக்கக்கூடாது. அவருக்கு டவர் அலைவரிசையை மேவிக் கதைக்கிற வசதி வேணும், இல்லாட்டி லேண்டிங் கிளியரன்ஸ் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிற ஆரோ ஒருத்தர் 4 செக்கன் ரேடியோவைப் பிடிச்சு வைச்சிருக்க உங்கட பட்ஜெட் அதோட முடிஞ்சுது. அமெரிக்காவில நெருக்கமான ரன்வேக்களுக்கு ரெண்டாவது அலைவரிசையிலயும் அதே கட்டளை போற மாதிரி வைச்சது இதுக்காகத்தான். பைலட்டுக்கு அந்த முறையில பிரேக்அவுட்டை ஓட்டோபைலட்டில இல்லாமல் கையால பறக்கவேணும் எண்டு விதி, பட்டன் தேடுற நேரமும் செக்கன்தானே. டிகாஸ், அதாவது விமானத்திலயே இருக்கிற மோதல் எச்சரிக்கைக் கருவி, ஏறு எண்டோ இறங்கு எண்டோ சொன்னா ஏற்ற இறக்கத்துக்கு டிகாஸைக் கேக்கவேணும், திரும்புறதுக்கு கன்ட்ரோலரைக் கேக்கவேணும், இதையும் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்களா எண்டு பாருங்கோ. டிகாஸ் இருக்குத்தானே எண்டு அதில சாயவும் ஏலாது, தரையிலயிருந்து 1000 அடியளவுக்குக் கீழ அது ஏறு இறங்கு எண்டு சொல்லாது, இறங்கிற விமானத்துக்கு ஆக முக்கியமான கடைசிப் பகுதியே அதுதான்.

அடுத்தது நிகழ்தகவு. எஃப்ஏஏ இந்த வேலைக்கு எடுத்த இலக்கு, இரண்டரைக் கோடி அப்ரோச்சுக்கு ஒரு விபத்துக்கு மேல போகக்கூடாது எண்டது. இதில முதல் வாற சிக்கல், 30 பாகை வழி மாறல் எவ்வளவு அடிக்கடி நடக்குது எண்டதுக்கு நல்ல தரவு கிடைக்கிறது கஷ்டம், அரிதா நடக்கிற விசயம். அதால முன்னுக்குப் போகாமல் பின்னால இருந்து கணக்குப் பாருங்கோ. வழி மாறினவரில நூறில ஒருத்தர் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார் எண்டு வைப்பம், அதில பத்தில ஒண்டுக்குத்தான் பக்கத்து விமானம் அந்த மோசமான இடத்தில நிக்கும் எண்டு வைப்பம், அப்பிடி நிண்டாலும் நூறில அஞ்சு தடவைதான் தப்ப ஏலாமல் போகும் எண்டு சிமுலேஷன் சொல்லுது எண்டு வைப்பம். மூண்டையும் பெருக்கினா இருபதாயிரத்தில ஒண்டு. இரண்டரைக் கோடியை இருபதாயிரத்தால பிரிச்சா 1250. அதாவது 1250 அப்ரோச்சுக்கு ஒண்டுக்கு மேல இப்பிடியான வழி மாறல் நடக்காதவரைக்கும் இலக்கு நிக்கும். இந்த இலக்கங்களும் முறையைக் காட்டத்தான். இப்ப கேள்வி லேசாகிட்டுது, வழி மாறல் சரியா எத்தினை எண்டு தெரியத் தேவையில்ல, 1250இல ஒண்டை விட நல்லா அரிதா எண்டு மட்டும் நிரூபிக்கவேணும். தப்ப ஏலாமல் போறது 5 வீதம் இல்ல 20 வீதம் எண்டு மாத்தினா 1250 எண்டது 5000 ஆகும், அப்ப நிரூபிக்கிற சுமை நாலு மடங்கு. அறிக்கை வாசிக்கிற ஆளுக்கு எந்த அனுமானம் உடைஞ்சா எல்லாம் உடையும் எண்டு தெரியிற மாதிரி இப்பிடி ஒவ்வொண்டையும் மாத்தி மாத்திக் காட்டுங்கோ, ஒரே ஒரு கடைசி இலக்கத்தைக் குடுத்து முடிக்கிற அறிக்கையை நான் நம்பமாட்டன்.

சிமுலேஷனைப் பத்தி ஒரு விசயம் சொல்லவேணும், இதில ஏமாறுறது சரியான லேசு. ஆயிரம் தடவை ஓட்டினம், ஒண்டும் 500 அடிக்குள்ள வரேல்ல, அதால ஆபத்து பூச்சியம் எண்டு எழுதக்கூடாது. n தடவையில ஒண்டுமே நடக்காட்டி, 95 வீத நம்பிக்கையோட சொல்லக்கூடியது உண்மையான வீதம் 3/n இலும் குறைவு எண்டு மட்டும்தான். ஆயிரத்துக்கு அது ஆயிரத்தில மூண்டு. இரண்டரைக் கோடியில ஒண்டு எண்டதை நேரடியா ஓட்டியே நிரூபிக்கப் போனா ஏழரைக் கோடி தடவை ஓட்டவேணும், கம்ப்யூட்டர் மட்டும் எண்டா முடியும், உண்மையான பைலட்டையும் கன்ட்ரோலரையும் வைச்சு முடியாது. அதால ரெண்டையும் சேத்துச் செய்யிறது: உண்மையான ஆக்களை சிமுலேட்டரில இருத்தி அவங்கட செக்கன்களை அளந்து, அந்தப் பரம்பலை எடுத்து கம்ப்யூட்டரில லட்சக்கணக்கா ஓட்டுறது. ஆக்களை எடுக்கேக்க ஆகத் திறமான பயிற்சியாளர்களை எடுக்காமல் ரோஸ்டரில வழமையா வாறவங்களை எடுங்கோ, எப்ப வழி மாறல் வரும் எண்டு அவங்களுக்குச் சொல்லாதேங்கோ, நைட் ஷிஃப்ட் முடியிற நேரத்திலயும் ஒருக்காச் செய்யுங்கோ.

30 பாகை கதை பெரிசா இருந்தாலும் வலயத்துக்குள்ள போற சம்பவங்களில கனக்க வாறது அப்ரோச்சில சேர்ற இடத்திலதான். லோக்கலைசரைப் பிடிக்கத் திரும்பேக்க வேகம் கூடவா இருந்து தாண்டிப் போறது, இல்லாட்டி இடது ரன்வேக்குச் சொன்னதை வலதுக்கு செட் பண்ணுறது. இதுக்குத்தான் ரெண்டு விமானமும் தன்தன்ட லோக்கலைசரில சரியாச் சேரும்வரை 300 மீட்டர் உயர வித்தியாசம் அல்லது 5.6 கிலோமீட்டர் இடைவெளி எண்ட விதி இருக்கு. சேர்ற கோணம் 30 பாகைக்கு மேல போகக்கூடாது, பிடிக்க முதல் 1.9 கிலோமீட்டராவது நேரா மட்டமாப் பறக்கவேணும். உங்கட ரேடார் ரெக்கோர்டிங்கை எடுத்து இந்த மூண்டையும் எத்தினை விமானம் உண்மையில கடைப்பிடிக்குது எண்டு எண்ணுங்கோ. இப்ப ஒரே ரன்வே இருக்கிற எயார்போர்ட்டிலயும் லோக்கலைசரைத் தாண்டிப் போறது எவ்வளவு எண்டு எண்ணலாம், இரண்டாவது ரன்வே கட்ட பல வருசத்துக்கு முதலே அந்தத் தரவு கையில இருக்கும், செலவும் பெரிசா இல்ல.

தப்பிப் போற பக்கத்தில என்ன இருக்கு எண்டு பாக்காத அசெஸ்மென்ட் அரைகுறைதான். கட்டுநாயக்கவில இப்ப இருக்கிறதுக்குப் பக்கத்தில இன்னொண்டு வந்து ரெண்டுக்கும் 04 திசையில, அதாவது 040 பாகை நோக்கி, இறங்கிறாங்கள் எண்டு கற்பனை பண்ணுங்கோ. தென்மேற்கால கடலுக்கு மேலால வாறது. இடது பக்க விமானம் தப்ப இடது பக்கம் திரும்பினா கடல், பிரச்சினை இல்ல. வலது பக்க விமானம் 040இலயிருந்து 45 பாகை திரும்பி 085இல போனா கரை, வத்தளை, ஜா-எல பக்கம். 350 மீட்டர் உயரத்தில தாமரைக் கோபுரம் கொழும்பில நிக்குது, அந்த வழியிலயிருந்து அது தள்ளித்தான் இருக்கு, எண்டாலும் அதையும் புதுசா எழும்பிற மாடிக் கட்டிடங்கள், டவர்கள், கிரேன்கள் எல்லாத்தையும் வரைபடத்தில புள்ளி வைச்சு, திரும்பத் தொடங்கிற ஒவ்வொரு இடத்திலயிருந்தும் ஏறிப் போற பாதையைப் போட்டுப் பாக்கவேணும். இந்தத் தடை ஆராய்ச்சிக்கு ஐகாவோ குடுத்த அளவுகோலைப் பாவிக்கிற இடத்தில, ரன்வே தொடக்கத்தின்ட மட்டத்திலயிருந்து 120 மீட்டர் உயரத்துக்கு, அதாவது 400 அடிக்குக் கீழ இருக்கிற விமானத்துக்கு திசை மாத்தச் சொல்லவே கூடாது எண்டு ஐகாவோ விதி இருக்கு. லேண்ட் பண்ண ஏலாமல் ரெண்டும் ஒரே நேரம் திரும்பி ஏறினா அந்த ரெண்டு பாதையும் குறைஞ்சது 30 பாகை விரியவேணும், இதையும் அதே வரைபடத்தில போடுங்கோ.

காலநிலையும் இருக்கு. ஏப்ரலிலயும் ஒக்டோபர் நவம்பரிலயும் பின்னேர இடி முகில் கட்டேக்க பைலட்மார் முகிலைத் தவிர்க்க திசை மாத்திக் கேப்பாங்கள், தென்மேற்குப் பருவக்காத்து நேரம் காத்து இழுக்கும். காத்து வெட்டு (காத்தின்ட வேகமும் திசையும் திடீரெண்டு மாறுறது), குறுக்குக் காத்து, இடிமழை இருக்கேக்க சுதந்திர அப்ரோச்சை நிப்பாட்டவேணுமா எண்டு யோசிக்கச் சொல்லி விதியிலயே இருக்கு, ஆனா "யோசிக்கவும்" எண்டதை வைச்சு ஷிஃப்டில இருக்கிற ஆள் ஒண்டும் செய்யேலாது. எத்தினை நொட் குறுக்குக் காத்துக்கு, எவ்வளவு தூரத்தில இடி முகில் எண்டா நிப்பாட்டுறது, ஆர் முடிவெடுக்கிறது எண்டு இலக்கத்தோட எழுதுங்கோ.

முறையை மாத்துற நேரம் ஆகக் கூடக் கவனம் வேணும். 2022 ஜனவரி 7ஆம் திகதி பெங்களூருவில ரெண்டு சமாந்தர ரன்வேயிலயிருந்தும் கிட்டத்தட்ட ஒரே நேரம் கிளம்பின ரெண்டு விமானம் மேல போய் ஒண்டையொண்டு நெருங்கிட்டுது, ரேடார் கன்ட்ரோலர் கண்டு திருப்பினதால தப்பினது. ஒரு ரன்வேயை மட்டும் பாவிக்கிறதா ரெண்டையுமா எண்ட முடிவு மாறினது மற்ற டவர் கன்ட்ரோலருக்குப் போய்ச் சேரேல்ல எண்டதுதான் வெளியில வந்த காரணம். அது எழும்பின சம்பவம், ஆனா இறங்கிறதுக்கும் அதே பாடம்தான், ரேடார் 1 செக்கனுக்குப் புதுப்பிச்சாலும் ஆள் ஆளுக்குச் சொல்லாட்டி அது உதவாது. அதால உங்கட ஆபத்துப் பட்டியலில ஷிஃப்ட் மாறுற நேரம், முறை மாறுற நேரம், ரேடார் பழுதாகி சுதந்திர முறையை விடவேண்டி வாற நேரம் எல்லாத்தையும் தனித்தனியா எழுதி, அந்தக் கணத்தில 15 கிலோமீட்டரில நிக்கிற ரெண்டு விமானத்தையும் ஆர் என்ன செய்யிறது எண்டு வசனம் வசனமா எழுதி வையுங்கோ.

தொடங்கினாப் பிறகும் எண்ணிக்கை நிக்கக்கூடாது. வலயத்துக்குள்ள போனது, போகப்பாத்தது, குடுத்த பிரேக்அவுட், அதில பொய் அலாரத்துக்குக் குடுத்தது, கட்டளை சொன்ன நேரத்திலயிருந்து விமானம் சரிஞ்ச நேரம் வரைக்குமான செக்கன், எல்லாம் மாதாமாதம் எடுக்கவேணும். அசெஸ்மென்டில 4 செக்கன் எண்டு எழுதினது உண்மையில 6 எண்டு வந்தா பட்ஜெட்டைத் திரும்பப் போட்டு, மிச்சம் இல்லாட்டி 3.7 கிலோமீட்டர் சாய்வு இடைவெளி முறைக்கு மாறவேணும், அப்பிடி மாறுற அதிகாரம் ஆருக்கு எண்டதையும் முதல் நாளே கையெழுத்து வாங்கி வையுங்கோ.